கோடையில் உறங்கும் கிழங்குகள்



ஃப்ரீசியா, ஸ்பராக்ஸிஸ், லாச்செனாலியா. இந்தக் கிழங்குப் பூச்செடிகளின் தாயகம் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. அங்கே பெரும்பாலான இடங்களில் மழைக்காலமும் குளிர்காலமும் ஒன்றுதான். கோடை வறண்டு கிடக்கும். எனவே இவை குளிரில் வளர்ந்து, வசந்தம் தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் பூத்து, கோடை முழுவதும் மண்ணுக்குள் உறங்குகின்றன.

கேப் டவுன் வீட்டுத் தோட்டங்களில் மார்ச், ஏப்ரலில் நடுவார்கள். மண்ணில் மணல் கலந்திருக்க வேண்டும். தண்ணீர் தேங்கக் கூடாது. ஃப்ரீசியா கிழங்கைக் கூர்முனை மேலே இருக்க, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் போதும். பூத்து முடிந்ததும் பச்சை இலைகளை வெட்டிவிடாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அவைதான் கிழங்கில் சேர்க்கின்றன. இலை மஞ்சளானதும் நீரை நிறுத்திவிட வேண்டும். உறங்கும் கிழங்கு ஈரத்தில் அழுகிவிடும்.

அதே நாட்டின் கிழக்குப் பகுதியில் கோடையில்தான் மழை. அங்கிருந்து வந்த அன்னாசி லில்லி போன்றவற்றுக்குக் கோடையில் நீர், குளிர்காலத்தில் ஓய்வு. ஆகவே கிழங்கு வாங்கும்போது, அது எந்த மழைக்குப் பழகியது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.