குதிரும் செம்மண்ணும்: தானியக் காப்பில் தமிழர் மரபறிவு

முன்னுரை

குதிர், குலுக்கை, பத்தாயம் ஆகிய சொற்கள் இன்று நம் வகுப்பறைகளில் அருஞ்சொற்பொருளாகவே எஞ்சியுள்ளன. ‘தானியம் சேமிக்கும் கலம்’ என்று பொருள் கூறியவுடன் விளக்கம் முடிந்துவிடுகிறது. ஆயினும், நஞ்சின்றித் தானியத்தைக் காத்த ஒரு தொழில்நுட்பம் இச்சொற்களுள் அடங்கியுள்ளது. தமிழக வேளாண்குடிகளின் அத்தொழில்நுட்பத்தின் அடிப்படைகளையும் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உலர்த்தலும் அடைத்தலும்

தானியக் காப்பில் முதன்மையானது உலர்த்தலே. நெல்லின் ஈரப்பதம் 14 விழுக்காட்டைக் கடந்தால் பூஞ்சையும் வண்டும் பெருகும். ஆதலின் வெயிலில் காயவைத்துத் தூற்றிய பின்னரே தானியத்தைக் குதிரில் இட்டனர். களிமண்ணும் வைக்கோலும் குழைத்து வனைந்த குதிரின் மேல்வாயை மூடி மண்ணால் மெழுகினர். வேண்டும்போது அடியிலுள்ள சிறுதுளை வழியே தானியத்தை எடுத்தனர். அடைபட்ட கலத்தில் தானியமும் பூச்சியும் சுவாசிப்பதால் உயிர்வளி குறைந்து பூச்சியின் பெருக்கம் தளர்கிறது. மண்சுவர் காற்றை முற்றிலும் தடுப்பதில்லை. எனவே இப்பயன் ஓரளவே கிட்டும். 1980களின் இறுதியில் கேமரூனில் தட்டைப்பயற்றைக் காக்க உருவாக்கப்பட்டு, 2007 முதல் பர்டியூ பல்கலைக்கழகத் திட்டத்தின்வழிப் பரவிய மூன்றடுக்குப் பைகள் இக்கோட்பாட்டையே செம்மையாகச் செயற்படுத்துகின்றன.

மண்ணும் சாம்பலும் எண்ணெயும்

பயறு வண்டு விதையின் மேற்பரப்பில் முட்டையை ஒட்டவைக்கிறது. பொரித்த புழு விதையைத் துளைத்து உட்செல்கிறது. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி உலர்த்தும் வழக்கம் இதற்குத் தடையிடுகிறது. சாம்பல் போன்ற நுண்துகள்கள் பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப்படலத்தைச் சிதைத்து, அதனை நீரிழந்து மடியச் செய்கின்றன. பயற்றின் மீது தடவும் எண்ணெய், முட்டைக்குக் காற்றுச் செல்லாது தடுக்கிறது.

வரம்புகள்

மரபு என்பதனாலேயே அனைத்தும் ஒரே தரத்தன அல்ல. வேப்பிலையும் நொச்சியும் பூச்சியை ஓரளவு விரட்டக்கூடும். ஆனால் அரிசி வண்டின் புழு மணிக்குள்ளேயே வளர்வதால், முன்பே புகுந்ததை அவை அழிப்பதில்லை. வசம்பிலுள்ள பீட்டா அசரோன் ஆய்வக எலிகளில் புற்றுநோயைத் தோற்றுவித்துள்ளமையின், வசம்புத்தூளை உணவுத் தானியத்தில் கலப்பது தகாது. மறுபுறம், ஈரத்துடன் சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சுவளியை வெளியிடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டில் வைப்பது உயிருக்கே இடராகும். அவ்வளிக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற வண்டுகளும் பல நாடுகளில் தோன்றியுள்ளன.

முடிவுரை

குலுக்கையைக் கண்டிராத நம் மாணவர்க்கு அதன் பொருளோடு, அதன் வாய் ஏன் மெழுகப்பட்டது, துவரைக்கு ஏன் மண் பூசப்பட்டது என்பவற்றையும் உணர்த்துதல் வேண்டும். சொல் நிலைத்து அதன் அறிவு மறையுமாயின், நாம் காப்பது வெறும் உமியே எனலாம்.