நமுனுகுலச் சரிவில் சைலன்சர்: புகைவாயு ஓட்டக் கணிப்புப் பற்றிய ஒரு குறிப்பு

2015இல் கிளைபொசேற் தடைசெய்யப்பட்டபோது பெருந்தோட்டங்களில் களையழிப்பு மீண்டும் கைக்கும் மெஷினுக்கும் உரியதாயிற்று. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்ந்த பின்னரும், தோளில் தொங்கும் புல்வெட்டும் மெஷின் மலையகத்தை விட்டு நீங்கவில்லை. இலக்கிய மாணவராகிய நாம் அதன் சைலன்சரைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். உற்பத்திக் கருவிகளை அறியாது உற்பத்தி உறவுகளைப் பேசுவது அரைகுறை அறிவே என்பது எமது கருத்து.

ஈரடிப்பு எஞ்சினிலிருந்து புகைவாயு சீராக ஓடுவதில்லை. துடிப்புத் துடிப்பாகவே வெளியேறுகின்றது. நிமிடத்துக்கு 7000 சுழற்சி எனின் செக்கனுக்கு ஏறத்தாழ 117 துடிப்புகள். 400 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள வாயுவில் ஒலி செக்கனுக்குச் சுமார் 520 மீற்றர் செல்லும். ஆகவே அடித்தொனியின் அலைநீளம் ஏறத்தாழ 4.4 மீற்றர். விரிவறை ஒன்று ஓர் ஒலியை மிகுதியாகத் தடுப்பதற்கு அதன் நீளம் அலைநீளத்தின் காற்பங்கு, அதாவது 1.1 மீற்றர், ஆதல் வேண்டும். உள்ளங்கையளவான பெட்டியில் இது எங்ஙனம் இயலும்? எனவேதான் சிறிய சைலன்சர் கீச்சொலியை அடக்கி, அடித்தொனியைப் பெரிதும் விட்டுவிடுகின்றது. துவாரத்தைச் சுருக்கினால் இரைச்சல் குறையும். ஆயின் பின்னமுக்கம் ஏறி வலு குன்றும்.

இவ்விழுபறியைக் கணினியில் ஆராய்வோர் வாயுவழியைச் சிறு கூறுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் திணிவு, உந்தம், சக்தி ஆகியவை காக்கப்படுமாறு கணக்கிடுவர். படிப்படியாக முன்செல்லும் இம்முறையில், ஒரு காலப்படி அலையானது ஒரு கூற்றைக் கடக்கும் நேரத்தை விஞ்சலாகாது. கூரன், பிரீட்ரிக்ஸ், லூவி ஆகிய மூவரும் 1928இல் நிறுவிய நிபந்தனை இது. கூறு 5 மில்லிமீற்றர், வாயுவோட்டத்தையும் சேர்த்து அலையின் வேகம் 600 மீற்றர் எனின், ஒரு சுழற்சிக்கே ஆயிரம் படிகள் வேண்டும்.

கணக்கின் எல்லையில்தான் நமுனுகுல வந்து நிற்கின்றது. 2036 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியில் வளியமுக்கம் கடல்மட்டத்தினதில் ஐந்தில் நான்கு பங்கிற்கும் சற்றுக் குறைவு. வெளிவாயிலில் கடல்மட்ட அமுக்கத்தை இட்டுப் பெறும் விடை சரிவுத் தோட்டத்துக்குப் பொருந்தாது. மேலும் காபரேற்றரைத் திருத்தாவிடின், ஐதான காற்றில் எரிபொருள் விகிதம் மிகும். எரியாத எண்ணெய் கரியாகிச் சைலன்சரின் வலையில் படியும். புதிய சைலன்சருக்குச் செய்த கணக்கு உழைத்துக் களைத்த சைலன்சருக்கு உரியதன்று.

கணிப்பவர் எதனை விடையாகக் கேட்கின்றார் என்பதும் நோக்கற்பாலது. வலு, எரிபொருட் செலவு என்பன எளிதாகக் கேட்கப்படுகின்றன. சுமப்பவரின் காதோ வெளிவாயிலிலிருந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தொலைவில் உள்ளது. ஐக்கிய அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல் விதந்துரைத்த எல்லை, எட்டு மணித்தியாலத்துக்கு 85 டெசிபெல். 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு எஞ்சுவது 15 நிமிடமே. ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றும் செலவையும் அப்பதினைந்து நிமிடத்தையும் ஒரே கணக்கில் வைக்குமாறு தொழிற்சங்கங்கள் கேட்டல் வேண்டும்.