பச்சை உடம்பும் தண்ணீரும்

பக்கவாதம் முதுமையோடும் இரத்தக்கொதிப்போடும் மட்டும் வருவதன்று. மூளைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் சீராக இருக்க, அதை வடித்து இதயத்துக்குத் திருப்பும் சிரைகளிலும், அவை சென்று கலக்கும் 'சைனஸ்' எனும் பெருநாளங்களிலும் இரத்தம் உறைந்துவிடும் நோய் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இளம் பெண்களையே தாக்குகிறது. வடிகால் அடைபடுவதால் இரத்தம் பின்னே தேங்கி, அழுத்தம் ஏறி, மூளை வீங்குவதோடு, சிறு நாளங்கள் உடைந்து கசிவும் ஏற்படலாம்.

பிரசவத்தின் இரத்தப்போக்கைச் சமாளிக்க இரத்தத்தின் உறையும் தன்மையைக் கர்ப்பிணியின் உடல் முன்கூட்டியே உயர்த்திக்கொள்கிறது. அது தணியப் பிள்ளை பிறந்து ஆறு வாரமாவது ஆகும். சரியாக அந்த வாரங்களில்தான், பச்சை உடம்புக்காரி தாகம் என்று கேட்டாலும் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் தமிழகத்தின் பல வீடுகளில் இருந்துவந்துள்ளது. நீர் வற்றினால் இரத்தம் கெட்டிப்படும் என்பதால், அன்பினால் விளைந்த இந்தக் கட்டுப்பாட்டை மருத்துவர்கள் இந்நோயின் துணைக்காரணமாகக் கருதுகின்றனர்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இதே வறட்சி வேறு வழியாக வரக்கூடும். குடிநீரும் கழிப்பறையும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் காலந்தொட்டே கட்டாயமானவை. எனினும் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் மிஷின் ஓட்டும் பெண்ணுக்கு, எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் கூலி குறையும் என்பதால் தண்ணீர் குடிப்பதே குறைகிறது. இந்நோய்க்குத் துணைபோகும் இரத்தசோகையோ, 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் உள்ளது. இவற்றோடு கோயில் நோம்பிக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நாரெத்திஸ்டிரோன் மாத்திரையும் சேர்கிறது; அதில் ஒரு சிறு பங்கு உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாக மாறி, உறையும் தன்மையைக் கூட்டுகிறது. இவற்றில் ஒன்று மட்டும் நோயை வரவழைப்பது அரிது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்வதே ஆபத்து.

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்வு ஆகியவை அறிகுறிகள். பிள்ளை பெற்றவளுக்கு வலிப்பு வந்தால் வீட்டார் 'ஜன்னி' என்பர்; மருத்துவருக்கும் முதலில் பேறுகால இரத்தக்கொதிப்பே நினைவுக்கு வரும். சாதாரண சி.டி. ஸ்கேன் சில வேளைகளில் குறையேதும் காட்டாது. சிரைகளைத் தனியே படம்பிடிக்கும் எம்.ஆர். வெனோகிராம் எடுத்தால் அடைப்பு தெரியவரும்.

மூளைக்குள் கசிவு இருக்கையில் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினைக் கொடுப்பது முரணாகத் தோன்றலாம்; ஆனால் கசிவுக்கே காரணம் அடைப்புதான். 1991இல் 20 நோயாளிகளை மட்டும் கொண்டு வெளியான ஜெர்மானிய ஆய்வில் ஹெப்பாரின் பெற்ற 10 பேரில் ஒருவரும் இறக்கவில்லை; பெறாத 10 பேரில் மூவர் இறந்தனர். உரிய காலத்தில் சிகிச்சை பெறுவோரில் பெரும்பாலோர் தேறிவிடுகின்றனர். அதன்பின் சில மாதங்களேனும் உறைதலைத் தடுக்கும் மாத்திரையைத் தொடர வேண்டும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரைகளையோ விலக்கியே வைக்க வேண்டும்.