கார் முடிந்தால் பிசானம்: டோனாவூர் அம்மாவின் பருவங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் பண்பொழியில் இருவர் சந்திக்கும்போது முதல் பேச்சு சாரலைப் பற்றித்தான். ஆரியங்காவு கணவாய் வழியாக மேல்காற்று வீசி, மேக்கரை அடவிநயினார் அணைக்குத் தண்ணீர் வரத் தொடங்கினால் கார் சாகுபடிக்கு வயல் தயாராகும். பக்கத்தில் குற்றாலம் ‘சீசன்’ கூட்டத்தில் திணறும். அக்டோபரில் காற்று திசை திரும்பும். வடகிழக்கு மழையை நம்பிப் பிசானம் நடவு. பருவம் ஏன் மாறுகிறது என்று இந்த வட்டாரத்து விவசாயி கேட்பதில்லை. இந்தப் பருவத்துக்கு என்ன வேலை என்றுதான் கேட்கிறார்.

கிறிஸ்தவ வேதத்தில் பிரசங்கி புத்தகத்தின் மூன்றாம் அதிகாரமும் இதைத்தான் பேசுகிறது. பிறப்பும் இறப்பும், நடுவதும் பிடுங்குவதும், அழுகையும் சிரிப்புமாக 14 ஜோடிக் காலங்கள் அதில் வருகின்றன. துக்க வீட்டில் அதை வாசிக்கும்போது கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். ஆனால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கால் ஒருநாள் நின்றுபோனால் என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலாகக் கொடுத்த ஒருவர், இதே மலையடிவாரத்தில், தெற்கே களக்காட்டை அடுத்த டோனாவூரில் இருந்தார்.

ஆமி கார்மைக்கேல் 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். சீனாவுக்கு ஊழியத்துக்குப் போக விரும்பினார். உடல்நிலையைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். 1893இல் ஜப்பான் போனார். நோய் அங்கேயும் விடவில்லை. இலங்கை வழியாக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. 1895இல் பெங்களூர் வந்து சேர்ந்தபோதும் டெங்குக் காய்ச்சல். அடுத்த ஆண்டு தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியோடும் அவர் மனைவியோடும் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். அதன்பின் சாகும்வரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

தமிழ் படித்தார். தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். இதுதான் தன் வாழ்நாள் வேலை என்று நினைத்திருந்த நேரத்தில், 1901 மார்ச்சில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து இன்னும் பல குழந்தைகள் வந்தார்கள். குழந்தைகளை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்ற முடியாது.

வண்டி நின்றது. பால் காய்ச்சுவது, துணி துவைப்பது, ராத்திரி கண்விழிப்பது என்று வேலை மாறியது. படித்தவர்கள் ஆயா வேலை பார்ப்பதா என்ற கேள்வி அவருக்குள்ளேயே எழுந்தது. சீஷர்களின் கால்களைக் கழுவ இயேசு துண்டைக் கட்டிக்கொண்டதை நினைத்துப் பார்த்து, அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். ‘அம்மா’ என்ற பெயர் நிலைத்தது அந்தப் பருவத்தில்தான்.

அவரோடு நின்ற பொன்னம்மாளையும் சொல்லியாக வேண்டும். இளம் வயதில் விதவையானவர். அன்றைய வழக்கப்படி வீட்டு மூலையோடு முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. அவரோ நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி நடந்த கைக்குழந்தைகள் காப்பகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார். 1915இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் வாக்கரும் காலமாகியிருந்தார். வலக்கையும் இடக்கையும் போன நிலையிலும் டோனாவூர்க் குழந்தைகள் இல்லம் வளர்ந்தது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்றது.

1931 அக்டோபர் 24. மருத்துவ ஊழியத்துக்காகக் களக்காட்டில் எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார் ஆமி. இருட்டுகிற நேரம். கழிப்பறைக்காகப் புதிதாகத் தோண்டியிருந்த குழி கண்ணில் படவில்லை. விழுந்ததில் கால் முறிந்தது, கணுக்கால் திருகிக்கொண்டது. ஆறிவிடும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். ஆறவில்லை. அப்போது அவருக்கு வயது 63. அதன்பின் வாழ்ந்த ஏறத்தாழ 20 ஆண்டுகளும் பெரும்பாலும் ஒரே அறையில், படுக்கையில் கழிந்தன.

அந்தப் படுக்கையிலிருந்து பத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் வந்தன. 1933இல் வெளியான ஒன்று, நோயாளிகளுக்கு அவர் எழுதிய கடிதங்களின் தொகுப்பு. படுத்திருப்பவர்களுக்கு ஆறுதல் சொல்லும் துண்டுப் பிரசுரங்களை எல்லாம் நல்ல உடம்புக்காரர்களே எழுதியிருக்கிறார்கள், அவை உள்ளே இறங்கவில்லை என்று அதில் மனம் திறந்து எழுதினார். வலியை வலி என்றே சொன்னார். மாறும் காலத்தை ஏற்பது என்றால் முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொள்வது என்று நினைக்கும் பக்தர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கடவுளை நம்பியதால் அவருக்கு வலி குறைந்துவிடவில்லை. அந்த வலியோடு பார்க்கக்கூடிய வேலை கிடைத்தது. 1951 ஜனவரி 18இல், 83ஆம் வயதில், டோனாவூரிலேயே காலமானார்.

இன்றைக்குத் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்க, தனியே படுத்திருக்கும் முதியவர்கள் இல்லாத சபை அரிது. சபைப் போதகர் வீடு தேடிப்போய்த் திருவிருந்து கொடுத்து ஜெபித்துவிட்டு வருகிறார், நல்ல காரியம். அப்படிப் படுத்திருக்கும் ஒரு பாட்டிக்கு ஒரு வேலையையும் கொண்டுபோனால் என்ன? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் நாலு பேரைச் சனிக்கிழமை சாயந்திரம் அவர் கட்டிலருகே உட்காரவைத்து, மனப்பாட வசனத்தை அவரிடம் ஒப்பிக்கச் சொல்லலாம். தப்பு விட்டால் திருத்த அவருக்குத் தெரியும்.