மேட்டூர் அணையும் கடைமடையும்

சேலம் மாவட்டத்தில் காவிரி மலைகளை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடத்தில் 1925-இல் தொடங்கி 1934-இல் முடிக்கப்பட்டது மேட்டூர் அணை. நீளம் 1,700 மீட்டர். அணையில் 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கலாம், கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்துவிட்டால் அந்த அளவு தண்ணீர் செலவாகும். அணை திறக்கப்பட்டபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு வைக்கப்பட்டது. தஞ்சாவூர் அங்கிருந்து ஆற்றுவழியில் சுமார் 200 கிலோமீட்டர் கீழே இருக்கிறது. ஆனாலும் நாற்று எப்போது விடுவது, நடவுக்கு எப்போது ஆள் சொல்வது, விதைநெல் எவ்வளவு வாங்குவது என்பதையெல்லாம் டெல்டா விவசாயி மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்.

இதற்கு முன்பு டெல்டாவில் அணை இல்லாமல் இல்லை. கரிகாலன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கல்லணை இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பொறியாளர் ஆர்தர் காட்டன் அதில் மணற்போக்கிகள் அமைத்தார். முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணையும் அவர் காலத்தில் எழுந்தன. இவை மூன்றும் ஆற்றைப் பிரித்துவிடும் அணைகள், தேக்கிவைப்பவை அல்ல. ஆனியில் குடகு மலையில் மழை பெய்தால் புது வெள்ளம் வரும், பெய்யாவிட்டால் வராது. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம் டெல்டாவையே புரட்டிப்போட்டது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் மைசூரும் சென்னை மாகாணமும் காவிரி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் முழு உயரத்துக்கு எழும்பியதும், மேட்டூர் கட்டப்பட்டதும் அந்த ஒப்பந்தத்தின்படிதான். பல மாதத் தண்ணீரை ஓரிடத்தில் நிறுத்திவைத்து, வேண்டும்போது விடுவது அதன் பிறகுதான் சாத்தியமாயிற்று.

மின்சாரம் இதே தண்ணீரிலிருந்து வருகிறது. தேங்கிய நீரின் உயரமும், குழாய் வழியே பாயும் நீரின் அளவும் சேர்ந்துதான் ஆற்றலைத் தீர்மானிக்கின்றன. 30 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு ஒரு கன மீட்டர் தண்ணீர் விசையாழியின் மீது விழுந்தால் ஏறக்குறைய 250 கிலோவாட் கிடைக்கும். காவிரியில் இந்த வேலை மேட்டூருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1902-இல் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம் கோலார் தங்க வயலுக்குப் போயிற்று. மேட்டூரில் அணை மின்நிலையம் 50 மெகாவாட், 1960-களில் வந்த சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட் திறன் கொண்டவை. அங்கே சுழன்று வெளியேறும் தண்ணீரைக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என அடுத்தடுத்த கதவணைகள் பிடித்து, ஒவ்வொன்றும் 30 மெகாவாட் வரை எடுக்கின்றன.

மேட்டூரில் பாசனம் முதலில், மின்சாரம் அதன் பின்னால். வயலுக்காகத் திறக்கும் நீர்தான் விசையாழியையும் சுழற்றுகிறது. பாசன நீரை அடைத்தால் மின் உற்பத்தியும் படுத்துவிடும். மின்சாரத்துக்காகவே கட்டிய அணைகளில் நிலைமை வேறு. ஊரெல்லாம் விளக்குப் போடும் மாலை நேரத்தில் மதகு திறக்கும், தேவை குறைந்ததும் மூடும். ஆற்றின் மட்டம் ஒரே நாளில் ஏறி இறங்கும். கரையோர ஆழமற்ற நீரில் முட்டையிட்ட மீனுக்கு அந்த இறக்கமே எமன். தேக்கத்தின் அடியிலிருந்து வரும் நீர் குளிர்ந்தும், உயிர்வளி குறைந்தும் இருக்கும்.

அணையின் விலையை முதலில் கொடுப்பவர்கள் அதன் மேற்புறத்தில் குடியிருந்தவர்கள். மேட்டூர் நிரம்பினால் சுமார் 150 சதுர கிலோமீட்டர் நிலம் நீருக்கடியில் போகும். பண்ணவாடி, காவேரிபுரம் பக்கத்து ஊர்கள் பல அப்படிப் போனவைதான். மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். தண்ணீர் பின்வாங்கிய சேற்றுப் பரப்பில் சுற்றுவட்டாரத்து மக்கள் மக்காச்சோளமும் ராகியும் போடுவார்கள். மறுபடி நீர் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும். நிரம்பினால் அதே இடத்தில் பரிசல் ஓடும், வலை விழும். அணை வருமுன் நிலையான நிலமும் ஊரும் இருந்த இடத்தில் இன்று மிஞ்சியிருப்பது பருவத்துக்குப் பருவம் கைமாறும் இந்த வாழ்க்கைதான். உலக அணைகள் ஆணையம் 2000-இல் வெளியிட்ட அறிக்கை, பெரிய அணைகளால் உலகம் முழுக்க 4 கோடி முதல் 8 கோடிப் பேர் வரை இடம்பெயர்ந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. கீழ்வரம்பு மேல்வரம்பில் பாதி என்பதைக் கவனிக்க வேண்டும்: போனவர்களை யாரும் சரியாக எண்ணிக்கூட வைக்கவில்லை.

கீழே டெல்டாவுக்குக் கிடைத்தது பெரிது. அணையோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயை ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இன்னமும் புது ஆறு என்றுதான் சொல்வார்கள். வானத்தைப் பார்த்திருந்த மேட்டு நிலம் அதனால் நஞ்சையானது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறப்பது, மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வருவது, அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிப்பது, குறுவை நட்டு அறுத்துத் தாளடிக்குப் போவது, ஜனவரி 28-இல் அணையை அடைப்பது என்று ஆண்டு முழுக்க ஓர் ஒழுங்கு வந்தது. அந்த ஒழுங்கை நம்பித்தான் இரு போகம் பெருகியது, கூலிவேலையும் பெருகியது.

ஒழுங்கு அறுந்தால் அடியும் அதே அளவுக்குப் பலமாக விழுகிறது. மேலே ஹேமாவதி, ஹாரங்கி, கபினி அணைகள் வந்த பிறகு மேட்டூரின் நீர்வரத்து பருவமழையோடு மேல் மாநிலமான கர்நாடகத்தின் முடிவையும் நம்பியிருக்க நேர்ந்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து ஜூன் 12-இல் அணை திறக்கப்படவில்லை. ஆழ்துளைக் கிணறோ ஃபில்டர் பாயிண்டோ வைத்திருப்பவர் அந்த ஆண்டுகளிலும் மோட்டார் போட்டுக் குறுவை நட்டார். இல்லாதவர் நிலத்தைத் தரிசாகப் போட்டார். நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. திருப்பூருக்குப் பேருந்து ஏறியவர்களில் அவர்கள்தான் அதிகம். தண்ணீர் தாமதமானால் தலைமடையைவிடக் கடைமடை அதிகம் காயும் என்பது தெரிந்ததே. நிலமுள்ளவரைவிட நிலமில்லாதவர் அதிகம் காய்கிறார் என்பதற்குத்தான் நிவாரணக் கணக்குகளில் இடம் குறைவு.

ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை. வெள்ளக்காலத்துச் செந்நீரில் வரும் வண்டல்தான் டெல்டாவையே உண்டாக்கியது. அணையில் நீர் தேங்கி அசைவற்று நிற்கும்போது மணலும் வண்டலும் அடியில் படிந்துவிடுகின்றன. மதகு வழியே வருவது தெளிந்த நீர். இதனால் மேலே அணையின் கொள்ளளவு குறைகிறது. கீழே வயலுக்கு இலவசமாக வந்துகொண்டிருந்த சத்து குறைகிறது, அந்த இடத்தை மூட்டை உரம் பிடிக்கிறது. 2017-இல் மேட்டூர் வறண்டபோது விவசாயிகள் வண்டலை அள்ளிச் செல்ல அரசு அனுமதித்தது. தேக்கத்தை ஒட்டிய வயல்களுக்கு நல்லதுதான், ஆனால் லாரியில் ஏற்றி டெல்டா முழுக்கக் கொண்டுவர முடியாது. முகத்துவாரத்திலோ கடல் அரிப்பதை ஈடுகட்ட ஆற்றிலிருந்து மண் வருவதில்லை. அஸ்வான் உயர் அணை 1970-இல் முடிந்த பிறகு நைல் டெல்டாவின் கரை கரைந்தது இதே காரணத்தால்தான்.

மீனின் கதை இன்னும் பழையது. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறிவரும் உள்ளம் மீனை, அதாவது ஹில்சாவை, முதலில் தடுத்தது கீழணை. அங்கே மீன் ஏறப் படிக்கட்டு அமைத்துப் பார்த்தும் பெரிய பயன் இல்லை. மேட்டூர் அணை அதற்கு மேலும் ஒரு சுவர். தேக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட கட்லா பெருகி மீனவருக்கு வருமானம் தந்தது உண்மை. ஓடும் நீரில் வாழப் பழகிய காவிரியின் சொந்தக் கெண்டை வகைகளுக்கு அந்தக் குட்டைநீர் பிடிக்கவில்லை. காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத திமில் மகசீர் மீன் 2018-இல் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

கடலோரத்தில் நன்னீரும் உப்புநீரும் எப்போதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டேயிருக்கும். ஆற்றில் வரத்து குறைந்தால் உப்புநீர் வாய்க்கால் வழியே மேலே ஏறும்; நிலத்தடியிலும் உள்ளே நகரும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்தில் வாய்க்கால் முடிவில் கட்டியிருக்கும் கடைமடை இயக்கணைகளின் ஒரு வேலை பாசன நீரைத் தேக்குவது, இன்னொரு வேலை கடல்நீரை உள்ளே விடாமல் தடுப்பது. ஆற்றுநீர் வராத ஆண்டில் மோட்டார் போட்டு நிலத்தடி நீரை இறைப்பது உப்பை இன்னும் உள்ளே அழைக்கிறது. பாமணியும் கோரையாறும் வந்து சேரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் இதன் விளைவைப் பார்க்கலாம். நன்னீர் குறைந்து உவர்ப்பு மிஞ்சியதால், உப்பைத் தாங்கும் ஒரே வகை மரம்தான் அங்கே காட்டின் பெரும்பகுதி.

வெள்ளத்தை அணை தடுக்கும் என்பது பாதி உண்மை. காலியாக இருக்கும்வரை தடுக்கும். 120 அடியைத் தொட்ட பிறகு வருவது அத்தனையும் 16 கண் மதகு வழியே போயாக வேண்டும். 2018 ஆகஸ்டில் அப்படி வந்த வெள்ளம் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்பட்டது. 22-ஆம் தேதி இரவு முக்கொம்பில் 1830-களில் கட்டிய மேலணையின் 9 மதகுகள் இடிந்து ஆற்றோடு போயின. ஆற்றில் கணக்கின்றி மணல் அள்ளியதால்தான் அடித்தளம் பலமிழந்தது என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். அந்த நாட்களில் கடலுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தபோதே கடைமடை வயல்கள் பலவற்றுக்கு ஆற்றுநீர் எட்டவில்லை. கிளை வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தால் அணை நிரம்பியும் பயனில்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரியில் தந்த இறுதித் தீர்ப்பு ஆற்றின் நீரை ஆண்டுக்கு 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டின் பங்கில் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்துக் கர்நாடகத்துக்குக் கொடுத்தது. வழக்கும் மறியலும் நடந்ததெல்லாம் இந்த எண்களுக்காகத்தான். நடுவர் மன்றத்தின் தீர்ப்பில் இன்னும் இரண்டு எண்கள் இருந்தன: சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10 டி.எம்.சி., தவிர்க்க முடியாமல் கடலில் கலப்பதற்கு 4 டி.எம்.சி. மீனுக்கும் முகத்துவாரத்துக்கும் அலையாத்திக் காட்டுக்கும் சேர்த்து ஆற்றுக்கென்று ஒதுக்கப்பட்டது 740-இல் 14. வண்டலுக்கு அந்தக் கணக்கில் ஓர் எண்ணும் இல்லை.