மெட்டியைக் கழற்றுங்கள் சகோதரிகளே!



மாமியார் - மருமகள் பிரச்னை, சமையல் குறிப்பு என்று நீங்கள் எழுதுவதை எல்லாம் விடாமல் படிப்பவள் நான். சென்னையில் பிறந்து வளர்ந்து, எம்.பி.பி.எஸ்., முடித்து, பத்து மாதமாக செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன்.

பள்ளித் தோழிகளுக்கு என் மேல் ஒரே பரிதாபம். 'சிட்டியில இடம் கிடைக்கலையாடி... ஜி.எஸ்.டி., ரோட்டுல போய் உட்கார்ந்துட்டியே' என்பர். 1965ல் துவங்கிய கல்லூரி இது. நெடுஞ்சாலை விபத்து, பிரசவம், மதுராந்தகம், செய்யூர், திருக்கழுக்குன்றம் பக்கத்து கிராமங்களில் இருந்து வரும் பாம்புக்கடி என்று, ராத்திரி டூட்டி பார்த்தால் காபி குடிக்கக் கூட நேரம் இருக்காது. ஆனால், நடுராத்திரியில் பேத்திக்கு துணைக்கு இருக்கும் பாட்டி, 'நீ சாப்ட்டியா கண்ணு?' என்று கேட்பார் பாருங்கள்... எங்கள் அபார்ட்மென்டில், எதிர் வீட்டுக்காரர் பெயர் கூட எங்களுக்குத் தெரியாது!

நான் எழுத வந்தது பாம்புக்கடி பற்றி. இல்லத்தரசிகள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள், விடியற்காலை ஒரு பெண்ணைத் தூக்கி வந்தனர். பிள்ளைகளோடு தரையில் படுத்திருந்தவருக்கு, மூன்று மணிக்கு வயிற்று வலி. ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கின்றனர். ஐந்து மணிக்கு கண் இமை சொருக ஆரம்பித்து விட்டது. 'தூக்கக் கலக்கம்னு நெனச்சேன் டாக்டரம்மா' என்றார் கணவர். உடம்பில் கடித்த தடமே தெரியவில்லை. கட்டுவிரியன் அப்படித்தான். தூங்குபவர்களைக் கடிக்கும், வலி தெரியாது, வீக்கமும் பெரிதாக இருக்காது. மூச்சு விடும் தசைகள் செயல் இழந்து விடும். நான்கு நாள் வென்டிலேட்டரில் இருந்து, பிழைத்து, தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார்.

இன்னொரு பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வேர்க்கடலை பறிக்கப் போன இடத்தில் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. புடவையைக் கிழித்து காலை இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, மந்திரிக்க அழைத்துப் போய், எங்களிடம் வரும்போது நான்கு மணி நேரம் ஆகிவிட்டது. அப்போதும், 'மெட்டியைக் கழட்டாதீங்கம்மா, அவருக்கு ஆகாது' என்று அழுதார். விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது, வெட்டித்தான் எடுத்தோம். சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸ் செய்தும், ஒன்பதாம் நாள் இறந்து போனார். மெட்டி மேல் அவ்வளவு உயிரை வைத்திருந்தவர்!

ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்போம். உறையாவிட்டால், விரியன் விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த இருபது நிமிடமும், 'ரத்தத்தை எடுத்து வச்சிட்டு சும்மா நிக்கிறீங்களே' என்று உறவினர்கள் திட்டுவர். சும்மா நிற்பதில்லை... அதுவும் வைத்தியம் தான்.

ஒரு ஞாயிறன்று, அம்மாவையும், சித்தியையும் மாமல்லபுரம் அழைத்துப் போனேன். வழியில், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில், தோலுக்காக பாம்பு பிடித்து விற்றவர்கள் இருளர்கள். வன உயிரின சட்டத்தால் அந்தப் பிழைப்பு போனது. 1978ல் சங்கம் துவங்கிய பின், அதே கைகள் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷம் எடுக்கின்றன. துணியால் வாய் கட்டிய மண்பானைகளில் பாம்புகள். நாங்கள் பார்க்கவே, ஒருவர் நல்ல பாம்பின் தலையைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் வாயில் கடிக்க வைத்தார். சித்தி முந்தானையால் கண்ணை மூடிக் கொண்டார்.

சில வாரம் வைத்திருந்து, மூன்று, நான்கு முறை விஷம் எடுத்த பின், பாம்பை காட்டிலேயே விட்டு விடுகின்றனர். அந்த விஷம் பொடியாகி, மருந்து கம்பெனிகளுக்குப் போகிறது. குதிரைக்கு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, ஊசி மருந்து தயாராகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து தான். அதனால், பாம்பை அடித்து, பையில் போட்டு எடுத்து வர வேண்டியதில்லை. (ஒருமுறை, உயிரோடு கொண்டு வந்து, வார்டே காலியாகி விட்டது!)

இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும், 2023ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நான் ஏற்றும் ஒவ்வொரு குப்பியிலும், இவர்களைப் போன்றவர்களின் கைகள் இருக்கின்றன என்பது, படிக்கும்போது எனக்குத் தெரியாது. எந்தப் பாடப் புத்தகத்திலும் வரவில்லை.

கடந்த, 2000 முதல் 2019 வரை, நம் நாட்டில் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என, 2020ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. தமிழக அரசு, 2024 நவம்பரில், இதை கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்திருக்கிறது. ஊரப்பாக்கம், மறைமலைநகர் பக்கம் ஏரியை ஒட்டி மனை வாங்கியவர்களும் கேட்டுக் கொள்ளுங்கள். அங்கே முதலில் குடியிருந்தவை பாம்புகள் தான்.

கடித்து விட்டால், உடனே மெட்டி, மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றி விடுங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கை, காலை அசைக்காமல், நடக்க விடாமல், 108க்கு போன் செய்து அரசு மருத்துவமனைக்கு கொண்டு வாருங்கள், மருந்து இலவசம். தரையில் படுப்பவர்கள், கொசு வலையை பாய்க்கு அடியில் செருகி விடுங்கள். இரவில் கொல்லைப்புறம் போக டார்ச் லைட் எடுத்துப் போங்கள். விறகு, எரு மூட்டையை வீட்டுச் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். எலி வரும், அதன் பின்னாலேயே அது வரும்.

மேற்படிப்பு முடித்து, சென்னையில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா மட்டும் இப்போதெல்லாம், 'சாப்பிட்டியா' என்று கேட்பதற்கு முன், 'இன்னிக்கு பாம்பு கேஸ் வந்துச்சா, பொழச்சிட்டாங்களா?' என்று தான் கேட்கிறார்.

- ஒரு பெண் டாக்டர், செங்கல்பட்டு.