வளைவில் மட்டும் ஒழுகும் ஹோஸ்

வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் திட்டு கிடந்தால் முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்பென்றால் இன்ஜின் ஆயில். பச்சையாகத் தண்ணீர்போல் ஓடியிருந்தால் கூலன்ட். சிவப்பாக, விரலில் வழுவழுவென்று ஒட்டி, முன்சக்கரத்துப் பக்கமாகச் சொட்டியிருந்தால் அநேகமாகப் பவர் ஸ்டீயரிங் ஆயில். மாற்றி நாளாகியிருந்தால் அந்தச் சிவப்பு பழுப்பேறிப் போயிருக்கும்.

நான் பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கிறேன். ஆழியாறைத் தாண்டி வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தில் மழை வெயில் பாராமல் ஓடும் எஸ்டேட் வண்டிகளும் வாடகை வண்டிகளும்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. ஸ்கார்ப்பியோ, சுமோ, சஃபாரி என்று பல வருடம் உழைத்த வண்டிகள். ஏசி வேலை செய்யவில்லை என்றால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடுவேன். பவர் ஸ்டீயரிங் பிரஷர் ஹோஸ் ஒழுகினால் அனுப்ப மாட்டேன்.

போன மழைக்காலத்தில் வால்பாறைத் தம்பி ஒருவர் பழைய ஸ்கார்ப்பியோவோடு வந்தார். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஓர் ஆயில் கேன்.

“வாரத்துக்கு ஒருக்கா ஊத்திக்கிறனுங்ணா, வண்டி ஓடுது. ஓஸ் மாத்தியே ஆகோணுமுங்களா?”

“நேர் ரோட்டுல கொறையுதா, வளைவுலயா தம்பி?”

கொஞ்சம் யோசித்தார். “மலை ஏறி எறங்குனாத்தானுங்ணா கொறையுது. கோயமுத்தூர் போய்ட்டு வந்தா ஒண்ணும் தெரியறதில்லீங்க.”

கோளாறு எங்கே என்பது எனக்கு அப்போதே பாதி தெரிந்துவிட்டது. இந்த ஸ்டீயரிங்கில் இன்ஜின் பெல்ட் ஒரு பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயைப் பிரஷர் ஹோஸ் வழியாக, சக்கரங்களைத் திருப்பும் ரேக்குக்குத் தள்ளும். அங்கிருந்து எண்ணெய் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்குத் திரும்பிவிடும். நேராகப் போகும்போது எண்ணெய் பெரிய அழுத்தமில்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீயரிங்கை ஒடித்தால் உள்ளே வால்வு ஒரு பக்கத்து வழியை அடைக்க, அழுத்தம் ஏறிச் சக்கரத்தைத் திருப்ப உதவும். அமெரிக்காவில் பியர்ஸ்-ஆரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ், அந்த வேலையை விட்டுவிட்டு 1920களில் இதற்காகவே உட்கார்ந்து உருவாக்கிய ஏற்பாடு இது. எண்ணெயை எந்நேரமும் அழுத்தத்தில் வைத்தால் எங்காவது ஒழுகிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது மட்டும் அழுத்தம் வந்தால் போதும் என்று கண்டது அவருடைய கெட்டிக்காரத்தனம். ஆனாலும் விற்பனைக்கு வந்த காரில் பவர் ஸ்டீயரிங் ஏற 1951 ஆயிற்று. அந்த வண்டி கிரைஸ்லர் இம்பீரியல்.

ஆக, சமவெளியில் கிட்டத்தட்ட ஓய்வாக இருக்கும் ஹோஸ், கொண்டை ஊசியில்தான் முழுப் பாரம் தாங்குகிறது. டயரில் நாம் அடிக்கும் காற்று 30 பி.எஸ்.ஐ. சொச்சம். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தால் இந்த ஹோஸுக்குள் 1000 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகும். ரப்பருக்குள் நூல் பின்னல், அதன் மேல் இன்னொரு ரப்பர் உறை, இரண்டு முனையிலும் இரும்புக் குழாயோடு சேர்த்து நெரித்த உலோக வளையம் என்று இதைச் செய்வது அதனால்தான். பெரும்பாலும் அந்த வளையத்தின் வாயில்தான் ஒழுக்கு ஆரம்பிக்கிறது. இன்ஜின் சூட்டில் வருடக்கணக்காக வெந்த ரப்பர் இறுகிச் சுருங்கி, வளையத்தின் பிடியை விட்டுவிடுகிறது.

தம்பியின் வண்டியில் அந்த வாயில் யாரோ ஒரு ரப்பர்த் துண்டைச் சுற்றி, மேலே இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கியிருந்தார்கள். ரிட்டர்ன் ஹோஸுக்குக் கிளாம்ப் போதும், அங்கே அழுத்தம் சொற்பம். பிரஷர் ஹோஸுக்கு அது ஆகவே ஆகாது. ஒன்பதாவது வளைவு, லோம்ஸ் வியூ என்கிறார்களே, அங்கே நின்று கீழே ஆழியாறு அணையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படியொரு வளைவில் பாதி ஒடித்திருக்கும்போது ஹோஸ் பிய்த்துக்கொண்டால் ஸ்டீயரிங் முழுக்கச் செத்துவிடாது. இரும்புத் தண்டின் தொடர்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு விரலால் திருப்பிய ஸ்டீயரிங் அந்த நொடியில் கல்லாகிவிடும். டிரைவரின் கை அதை எதிர்பார்த்திருக்காது. தெறிக்கும் எண்ணெய் சூடேறிய எக்ஸாஸ்டிலோ டர்போவிலோ பட்டால் தீயும் பிடிக்கலாம். எண்ணெய் வற்றிய பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு, அந்த உலோகத் தூளை ரேக்குக்குள் அனுப்பும். அப்புறம் ஹோஸ், பம்ப், ரேக் மூன்றுக்கும் செலவு.

சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருக்காது. எண்ணெய் குழாய் வழியே இறங்கும், காற்றில் பின்னால் பறக்கும். எல்லாவற்றையும் துடைத்து உலர வைத்து, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, ஒருவரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்வேன். முதலில் நனையும் பவுடர் காட்டிக்கொடுத்துவிடும். இன்ஜின் ஓடும்போது ஹோஸை வெறுங்கையால் தடவக் கூடாது. ஊசித்துளை வழியே பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடக்கூடும். என் பட்டறைப் பையன்களுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களில் இது ஒன்று.

மாற்றும் வேலையில் அவசரம் கூடாத இடம் நட்டைக் கழற்றுவதுதான். இன்ஜின் ஆறிய பிறகு டப்பா எண்ணெயை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, துருநீக்கி அடித்துக் காத்திருக்க வேண்டும். சாதாரண ஸ்பேனர் இரண்டு முகத்தில்தான் பிடிக்கும், பழைய நட்டின் மூலை மழுங்கிவிடும். குழாய் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஃப்ளேர் ஸ்பேனர் என்று தனியாக உண்டு, அதைத்தான் போட வேண்டும். கழற்றிய ஹோஸையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம், வளைவு, முனை எல்லாம் ஒத்துப் பாருங்கள். சில ஹோஸுக்குள் பம்பின் அதிர்வை அடக்க மெல்லிய குழாய் ஒன்று இருக்கும். ஜேசிபிக்கு ஹோஸ் நெரித்துத் தரும் கடையில் செய்து வாங்கினால் அது வராது, அழுத்தம் தாங்கினாலும் ஸ்டீயரிங் முனகும். கிடைக்கிறவரை வண்டிக்கென்று செய்த ஹோஸையே நான் போடுகிறேன்.

நட்டை முதலில் கையாலேயே நாலைந்து மரை ஏற்றிவிட்டுத்தான் ஸ்பேனர் தொட வேண்டும். பேஞ்சோ போல்ட் இருந்தால் இருபக்கமும் புது காப்பர் வாஷர். ஓ-ரிங் இருந்தால் புது ஓ-ரிங். சில ரூபாய்க்காகப் பழைய வாஷரைத் திரும்பப் போட்டால் அதே இடத்தில் மறுபடி ஒழுகும். ஹோஸ் எக்ஸாஸ்ட் பக்கம் சாயாமல், பழைய பிடிகளிலேயே உட்கார வேண்டும்.

அடுத்து ஏர் எடுப்பது. இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். கையேட்டிலோ டப்பா மூடியிலோ சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள். பழைய வண்டிகள் பலவற்றுக்கு அது டெக்ஸ்ரான் வகை ஏ.டி.எஃப். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் ஊறிக் கெட்டுப்போகும். முன்சக்கரங்களை ஸ்டாண்டில் தூக்கி, இன்ஜினைப் போடாமலே ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நிதானமாகத் திருப்ப வேண்டும். டப்பாவில் குமிழி வரும், மட்டம் இறங்கும், ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் இன்ஜின். எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் எண்ணெயையும் கடைந்து நுரையாக்கிவிடும், அப்புறம் அது அடங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போது கடைசி ஒடிப்பில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். மலையில் ஓட்டும்போதும் இதே பழக்கம் இருந்தால் புது ஹோஸ் நீண்ட நாள் வரும்.

வடித்த எண்ணெயைக் கேனில் பிடித்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுகிறேன். ஆழியாற்றுத் தண்ணீர் பாயும் தென்னந்தோப்புகள் சுற்றிலும் இருக்கும் ஊரில் அதைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வராது.

புதிதாக வரும் கார்களில் பெரும்பாலும் மின் மோட்டார் ஸ்டீயரிங், அதில் எண்ணெயுமில்லை, ஹோஸுமில்லை. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் வெகுநாள் மலையேறும். மாற்றிய கையோடு தம்பியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: ஒருமுறை மலை ஏறி இறங்கிவிட்டு, இன்ஜின் ஆறியதும் டப்பாவைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள், நட்டுகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் அடுத்த ஏற்றத்துக்கு முன் பட்டறைக்கு வாருங்கள்.